முனைவர் பட்டம் முடித்தாயிற்று, வேலை எங்கே? மதுரைப் பக்கத்து ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வி-பதில்

பி.எச்டி. முடித்தவர்கள், முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள், சேரலாமா என்று யோசிப்பவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என நாலு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நானும் அறிவியல் பாடத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மதுரை மாவட்டத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்தி வருபவன்தான். கலை, அறிவியல் பாடங்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். பொறியியல், மருத்துவம், சட்டம் எல்லாம் வேறு கணக்கு.

பி.எச்டி. முடித்தால் கல்லூரியில் வேலை உறுதிதானே?

இல்லை. பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பணியிடத்தை அரசோ கல்லூரி நிர்வாகமோ உருவாக்கி, நிரப்பவும் செய்ய வேண்டும்.

மதுரையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கன் கல்லூரி 1881இல் தொடங்கியது, மதுரைக் கல்லூரி 1889இல். லேடி டோக், தியாகராசர், பாத்திமா, அரசு மீனாட்சி, யாதவர் என்று பிறகு வந்தவை ஒரு வரிசை. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று ஊருக்கு ஊர் கல்லூரி உண்டு. ஆனால் ஒரு கல்லூரிக்குள் போய்ப் பார்த்தால், ஒரே பாடத்திட்டத்தை ரெகுலர் (நிரந்தர) ஆசிரியர் ஒருவர், நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் ஒருவர், தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் என்று மூன்று விதமான சம்பளத்தில் நடத்திக்கொண்டிருப்பார்கள். ரெகுலர் ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு உடனே இன்னொரு ரெகுலர் வருவது அபூர்வம். ஊதியம் குறைந்த மற்ற இரண்டு வகையில் யாரையாவது போட்டு வகுப்பை ஓட்டிவிடுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை கூடுகிறது, வகுப்பும் நடக்கிறது, வேலை மட்டும் கூடவில்லை என்றால் காரணம் இதுதான்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் சேர்கிறார்கள்?

நாடு முழுக்க பி.எச்டி.யில் பதிவு செய்திருந்தவர்கள் 2014-15இல் சுமார் 1.17 லட்சம். 2021-22இல் அது 2.12 லட்சத்தைத் தாண்டியது. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்லும் எண்கள் இவை. தமிழ்நாடு அதில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் மாநிலம்.

இந்தப் பெருக்கத்தில் பாதிப் பங்கு விதிமுறைகளுடையது என்பேன். 2018இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை, பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக 2021 ஜூலை முதல் பி.எச்டி. கட்டாயம் என்றது. உடனே கல்லூரியில் வேலை பார்த்தவர்கள், பார்க்க நினைத்தவர்கள் எல்லோரும் ‘கைடு’ (ஆய்வு வழிகாட்டி) தேடி ஓடினார்கள். பிறகு கொரோனா வந்தது, தேதி 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி வந்தபோது விதியையே மாற்றி, நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட், ஸ்லெட் (மாநிலத் தகுதித் தேர்வுகள்) ஆகியவையே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. விருப்பத்துக்குரியது என்று அறிவித்துவிட்டார்கள். இடையில் சேர்ந்தவர்கள் அப்போது ஆய்வின் நடுவில் இருந்தார்கள். 2022 விதிமுறையில் எம்.ஃபில். படிப்பும் நிறுத்தப்பட்டது. முன்பு எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்து ஓராண்டு எம்.ஃபில். படித்து, அந்தப் பட்டத்தோடு வேலை தேடுவார்கள். இப்போது முதுகலைக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பி.எச்டி. மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை கிடைக்கும்வரை ‘சும்மா இருக்கிறான்’ என்ற பேச்சைத் தவிர்க்க ஆய்வில் சேருகிறவர்கள் நிறைய. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஊரில் ‘ரிசர்ச் பண்றான்’ என்று சொன்னால் நாலைந்து வருடத்துக்கு யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

நெட் போதும் என்றால் பி.எச்டி. வீணா?

வீண் இல்லை. அதை மட்டும் நம்பினால்தான் சிக்கல். 2009 அல்லது அதற்குப் பிந்தைய யு.ஜி.சி. விதிமுறைப்படி பட்டம் பெற்றவருக்கு நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி உண்டு. பதவி உயர்வு, ஆய்வு வழிகாட்டி ஆவது, நிதித் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது எல்லாவற்றுக்கும் பி.எச்டி. வேண்டும். ஆனால் நேர்முகத்தில் இரண்டும் உள்ளவரோடு போட்டி போடும்போது, பி.எச்டி. மட்டும் உள்ளவர் பின்தங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்காக நெட் எழுத வயது வரம்பு கிடையாது. ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப்.க்குத்தான் 30 வயது வரம்பு. அதிலும் பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. மாநில அளவிலான செட் தேர்ச்சி தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். ஆனால் எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. 2024 ஜூனில் நடக்க வேண்டிய செட் தேர்வு தள்ளிப்போய் 2025 மார்ச்சில்தான் நடந்தது. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வருவதால் நெட்டைத்தான் முதலில் பிடிக்கச் சொல்வேன்.

அரசுக் கல்லூரி வேலைக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிக்கை எப்போது வரும்?

மதுரைப் பக்கம் முனைவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். வரலாற்றைச் சொல்கிறேன், நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

2019இல் இரண்டாயிரத்துச் சொச்சம் உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை விட்டது. அப்போது எழுத்துத் தேர்வு கிடையாது. பணி அனுபவம், கல்வித் தகுதி, நேர்முகம் மூன்றுக்கும் மதிப்பெண். விண்ணப்பித்தவர்கள் சான்றிதழ்களைப் பதிவேற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நியமனம் நடக்கவே இல்லை. 2024 மார்ச்சில் 4000 இடங்கள் என்று புதிய அறிவிக்கை வந்தது, இம்முறை எழுத்துத் தேர்வோடு. ஆகஸ்டில் நடக்க வேண்டிய அந்தத் தேர்வும் தள்ளிவைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் 2708 இடங்களுக்கு இன்னொரு அறிவிக்கை வந்தது. எழுத்துத் தேர்வை டிசம்பரில் வைப்பதாகச் சொன்னார்கள்.

2019இல் 32 வயதில் விண்ணப்பித்த ஒருவருக்கு 2025இல் 38 வயது. இந்தப் பணிக்கு உச்ச வயது 57 என்பதால் ‘இன்னும் காலம் இருக்கிறது’ என்று அவரும் நினைக்கிறார், அவர் வீட்டிலும் நினைக்கிறார்கள். வயது வரம்பு இவ்வளவு தாராளமாக இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். 35 என்று வைத்திருந்தால் பலர் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

எழுத்துத் தேர்வு வந்ததில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பத்து ஆண்டு அனுபவம் என்பது முன்பு மதிப்பெண்ணாக மாறும். இப்போது முதுகலைப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஆய்வில் ஒரு சின்ன மூலையை ஐந்தாண்டு குடைந்தவருக்கு, எம்.எஸ்சி. முதல் பருவப் பாடம் மறந்தே போயிருக்கும். நேற்று முதுகலை முடித்து நெட் எழுதிய பையன் அதில் முந்திவிடுவான். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். அதற்குள் முனைவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கௌரவ விரிவுரையாளர் வேலையில் சேரலாமா?

சேரலாம். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு சேருங்கள்.

தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 7000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியம் 15,000 ஆக இருந்து, 20,000 ஆகி, 2023இல் 25,000 ஆனது. ஆண்டில் 11 மாதம்தான் சம்பளம். யு.ஜி.சி. 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்கிறது. அதே துறையில் புதிதாகச் சேரும் ரெகுலர் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. மேலே அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

இதைவிட எனக்கு உறுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். வாங்கிய ஆய்வு மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (மூத்த ஆய்வாளர்) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி வேறு. அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வு முடித்து, முனைவராகி, கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் 25,000. அதாவது படிப்பை முடித்ததற்குத் தண்டனையாக மாதம் 17,000 குறைகிறது! உதவித்தொகை ஐந்தாண்டும் தீரும்வரை சிலர் ஆய்வேட்டைக் கொடுக்காமல் இழுப்பதற்கு இதுவே காரணம். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிற பேராசிரியர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சேர்வதில் லாபமும் உண்டு. பாடம் நடத்தும் பழக்கம் விடாது. கல்லூரியின் நூலகம், ஆய்வகம் பக்கத்தில் இருக்கும். அனுபவச் சான்றிதழ் கிடைக்கும். அதை ஆண்டுதோறும் முதல்வரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து மொத்தமாகக் கேட்டால் பழைய முதல்வர் மாறியிருப்பார், பதிவேடு எங்கேயோ இருக்கும். நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும். பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன, கோரிக்கையும் நியாயமானதுதான். ஆனால் உங்கள் வீட்டு வாடகை அடுத்த மாதம் 5ஆம் தேதி கட்டியாக வேண்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் ரெகுலர் போஸ்ட்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்களாமே?

அப்படிப் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு ஊருக்கே தெரியும். எல்லா நிர்வாகமும் அப்படி இல்லை. தகுதி மட்டும் பார்த்து எடுக்கிற கல்லூரிகள் மதுரையிலேயே உண்டு.

சட்டப்படி நடைமுறை இதுதான்: காலியிடத்தை நிரப்பக் கல்லூரிக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். தேர்வுக் குழு நேர்முகம் நடத்த வேண்டும். பல்கலைக்கழகம் தகுதியை ஏற்க வேண்டும். மண்டல இணை இயக்குநர் அலுவலகம் ஒப்புதல் தந்த பிறகே அரசுச் சம்பளம் வரும். பணம் கொடுத்துச் சேர்ந்தவர்களில், இந்த ஒப்புதல் வராமல் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது, யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ஊரில் இருக்கிற நிலத்தை விற்றுக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்காதீர்கள் என்பேன். தப்பு சரி என்கிற பேச்சு ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே உதைக்கிறது.

சுயநிதிக் கல்லூரிகள்?

சம்பளம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. முனைவருக்கு 15,000 தருகிற இடமும் இருக்கிறது, அதைப்போல் இரண்டு மடங்கு தருகிற இடமும் இருக்கிறது. சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? மே மாதச் சம்பளம் உண்டா? ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் சேர்க்கைக்காகக் கிராமம் கிராமமாகப் போய் ஆள் பிடிக்க வேண்டுமா, தலைக்கு இத்தனை பேர் என்று இலக்கு உண்டா? முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் சேராதீர்கள். நாளைக்கு வேறு நல்ல நேர்முகம் வந்தால் கையில் அசல் இருக்காது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பி.எச்டி.யைப் பதிய வேண்டுமா?

பதிந்து வையுங்கள், செலவில்லை. கோ.புதூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. முதுகலை, தொழிற்கல்வி படித்தவர்களுக்கான தொழில்சார் மற்றும் செயலாட்சியர் வேலைவாய்ப்பு அலுவலகம் சென்னையில் இருப்பதுபோல் மதுரையிலும் இருக்கிறது. இணையத்திலேயே பதியலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

கல்லூரி ஆசிரியர் பணி தேர்வு வாரியம் வழியாக நடப்பதால், பதிவு மூப்பை வைத்து அழைப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றியும் கேட்கிறார்கள். பதிந்து ஐந்தாண்டு ஆகியும் வேலை இல்லாமல், குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருந்தால் மூன்று ஆண்டு கிடைக்கும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600. முனைவருக்கும் அதே 600தான். வயது 40க்குள் இருக்க வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45.

பி.எச்டி. முடித்துவிட்டு குரூப் 4 எழுதுவது கேவலமா?

இல்லவே இல்லை. 2018இல் கிராம நிர்வாக அலுவலர் பணியையும் சேர்த்து டி.என்.பி.எஸ்.சி. நடத்திய குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் முனைவர்கள் 992 பேர் என்று செய்தி வந்தது. தேவையான கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அந்த எண்ணைப் போட்டுச் சிரித்தவர்கள் பலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500. அகவிலைப்படி பாதிக்கு மேல் இருக்கிற காலத்தில் அது கௌரவ விரிவுரையாளரின் 25,000ஐ எளிதாகத் தாண்டிவிடும். பன்னிரண்டு மாதமும் வரும். விடுப்பு உண்டு. இந்த நிலையில் கணக்குத் தெரிந்தவர் குரூப் 4 எழுதத்தான் செய்வார்.

எழுதுவதென்றால் குரூப் 2, குரூப் 1 பக்கமும் பாருங்கள். அவற்றின் முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டும். ஆய்வேடு எழுதிப் பழகிய கைக்கு அது சாதகம்.

பள்ளி ஆசிரியர் ஆகலாமா?

ஆகலாம், பி.எட். இருந்தால். அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியருக்கு முதுகலையும் பி.எட்.டும் தகுதி, அடிப்படைச் சம்பளம் 36,900. 2025இல் 1996 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. கல்லூரி அறிவிக்கைகளோடு ஒப்பிட்டால் இது ஓரளவு ஒழுங்காக வருகிறது. பி.எச்டி. முடித்த 33 வயதில் இரண்டாண்டு பி.எட். போய் உட்காருவது கசப்பாக இருக்கும். முதுகலை முடித்த கையோடு பி.எட். முடித்து வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

கல்லூரியை விட்டால் மதுரையில் ஆய்வு படித்தவருக்கு என்னதான் இருக்கிறது?

பாடத்தைப் பொறுத்தது. மொத்தமாக ஒரு பதில் சொல்ல முடியாது.

உயிரியல் சார்ந்தவர்களுக்கு ஓரளவு வழி இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள் நாட்டளவில் பெயர் பெற்றவை. அங்கே படித்தவர்கள் எங்கெங்கோ பரவியிருக்கிறார்கள். ஊருக்குள் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிக்கும் அரோலேப் ஆகியவை இருக்கின்றன. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் வேளாண் தொழில் முனைவோருக்கான வளர்ப்பு மையம் செயல்படுகிறது. இவை எதுவும் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் இடங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிகம் பேர் கவனிக்காதது ஆராய்ச்சித் திட்டப் பணி. ஒன்றிய அரசின் நிதியில் நடக்கும் திட்டங்களில் முனைவருக்கு ‘ரிசர்ச் அசோசியேட்’ என்ற இடம் உண்டு. 2023 முதல் அதன் தொடக்க ஊதியம் மாதம் 58,000, வாடகைப்படி தனி. கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பது உண்மைதான். 11 மாத வேலையும் அப்படித்தானே! பல்கலைக்கழகங்கள், காந்திகிராமம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புப் பக்கங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். விண்ணப்பிக்கப் பல நேரம் பத்து, பதினைந்து நாள்தான் தருவார்கள்.

இயற்பியல், வேதியியல், விலங்கியல் படித்தவர்களை நீட் பயிற்சி மையங்கள் எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் கல்லூரியைவிடக் கூடுதல், ஓய்வு குறைவு. கணிதம், புள்ளியியல் ஆட்கள் தரவுப் பகுப்பாய்வு கற்றுக்கொண்டால் சென்னை, பெங்களூருக்குப் போகலாம். இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் உள்ளூரிலேயே இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆங்கிலம் நன்றாக எழுத வருகிற எந்தப் பாடத்துக்காரருக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் பணி வீட்டிலிருந்தே கிடைக்கிறது.

வரலாறு, தொல்லியல் படித்தவர்கள் கீழடியைப் பார்த்து நம்பிக்கையோடு கேட்கிறார்கள். மதுரையிலிருந்து கூப்பிடு தூரம், அருங்காட்சியகம் 2023இல் திறந்தாயிற்று. ஆனால் அகழாய்வுப் பணி பருவத்தை ஒட்டியது. நிரந்தரத் தொல்லியல் அலுவலர் இடங்கள் டி.என்.பி.எஸ்.சி. வழியாக, சின்ன எண்ணிக்கையில்தான் வரும்.

தமிழில் பி.எச்டி. முடித்திருக்கிறேன். என் நிலை?

எண்ணிக்கையில் நீங்கள்தான் அதிகம், அதனால் போட்டியும் அதிகம். இன்னொரு பக்கம், எந்தப் பட்டப்படிப்பானாலும் முதல் ஆண்டுகளில் தமிழ் பாடம் உண்டு என்பதால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தமிழாசிரியர் தேவை. தேர்வு வாரிய அறிவிக்கைகளிலும் தமிழுக்கு நல்ல எண்ணிக்கையில் இடம் இருக்கும்.

அதுவரைக்கும் என்ன செய்வது? தமிழ் முனைவர்களிடம் இருக்கிற ஒரு திறமையை அவர்களே மதிப்பதில்லை. பிழையில்லாமல் எழுதவும், ஓலை, கல்வெட்டு, பழைய பதிப்பு இவற்றைப் படிக்கவும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்க, பாடநூல் எழுத, மொழிபெயர்க்க, கணினித் தமிழுக்குத் தரவு திருத்த ஆள் தேடுகிறார்கள். பக்கக் கணக்கில் கூலி பேசுவார்கள். முதலில் குறைவாகத்தான் தருவார்கள், ஆனால் ஒருமுறை சுத்தமாகச் செய்து கொடுத்தால் அடுத்த வேலை தேடி வரும். சென்னைச் செம்மொழி நிறுவனத்தின் உதவித்தொகை அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

ஆய்வேடு எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டு விதிமுறைப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 60 சதவீதத்துக்கு மேல் போனால் மாணவரின் பதிவே ரத்தாகும். மாட்டினால் உங்கள் பெயரும் வெளியே வரும். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டோடு ஒருவர் அடுத்த நேர்முகத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

வெளிநாடு, போஸ்ட் டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பற்றிச் சொல்லுங்கள்.

அறிவியல்காரர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்க வேண்டும், ஆனால் பட்டம் வாங்கிய பிறகு யோசிக்கத் தொடங்கினால் தாமதம். ஆய்வேடு எழுதும்போதே வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போடத் தொடங்குங்கள். உள்நாட்டில் தேசிய அளவிலான போஸ்ட் டாக் உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கௌரவ விரிவுரையாளர் ஆண்டுகள் போனால் அந்தக் கதவு பலருக்கு மூடிவிடுகிறது. கட்டுரைகள் நல்ல ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழில் பத்துக் கட்டுரை இருந்தால் உதவாது, பல சமயம் கெடுதலே செய்யும்.

இனிமேல்தான் சேரப்போகிறேன். எதைப் பார்த்துச் சேர வேண்டும்?

முதலில் பணம். உதவித்தொகை இல்லாமல் முழுநேரமாகச் சேராதீர்கள் என்று கறாராகவே சொல்வேன். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தரும் மாநிலத் திட்டம் உண்டு. வேலையில் இருப்பவர் என்றால் பகுதிநேரப் பதிவு நல்லது.

அடுத்து வழிகாட்டி. விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. அவரிடம் இதுவரை முடித்தவர்களைத் தேடிப் பிடித்து, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கைடின் வீட்டு வேலை, வாய்மொழித் தேர்வு நாளன்று தடபுடல் விருந்து என்று வெளியே சொல்லாத செலவுகள் இருக்கிறதா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கல்வி நிலையத்தின் நிதி நிலையையும் பாருங்கள். 1966இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகத்திலேயே அண்மை ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமானது செய்தித்தாளில் வந்ததே. அங்கே புதிய நிரந்தர நியமனம் வரும் என்று எண்ணி ஆய்வில் சேர்வது புத்திசாலித்தனம் இல்லை.

பையனுக்கு 34 ஆகிறது, பெண் பார்க்கப் போனால் ‘பெர்மனெண்டா?’ என்றுதான் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், அடுத்த தேர்வு எப்போது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ‘சீக்கிரம் ஆகிவிடும்’ என்று சொல்லிக் கட்டிவைத்துவிட்டு, பிறகு அந்தப் பெண் கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்பது எல்லோருக்கும் கஷ்டம்.

பெண் ஆய்வாளர்கள் பாடு வேறு. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறி, வழிகாட்டி மதுரையில், வீடு திருப்பூரில் என்று அலைகிறார்கள். 2022 விதிமுறைப்படி ஆறாண்டு உச்சவரம்புக்கு மேல் பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் உண்டு, மகப்பேறு விடுப்பும் உண்டு. இதைத் தெரியாமல் பதிவை விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். மாமனார், மாமியாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு காலம்தான் காத்திருப்பது?

தேதி போட்டுக் காத்திருங்கள். என் கணக்கில், பட்டம் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்குள் நெட் முடிக்க வேண்டும், வருகிற தேர்வு வாரிய அறிவிக்கையை முழு மூச்சாக எழுத வேண்டும், போஸ்ட் டாக், திட்டப் பணி எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாண்டு முடிந்தால் வருமானம் தரும் வேறு வேலைக்குப் போங்கள். போன பிறகும் தேர்வு எழுதலாம். வயது வரம்பு 57 என்பதன் நிஜமான பயன் இதுதான். வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டே எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

‘இவ்வளவு படித்துவிட்டு அந்த வேலைக்கா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் மே மாதத்து மளிகைப் பாக்கியை அடைக்கப் போவதில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பில் எதில் மாட்டிக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் நான்கு விஷயங்களில். பாட இணைத்தன்மை: முதுகலை ஒரு பெயரிலும் பி.எச்டி. இன்னொரு பெயரிலும் இருந்தால், அது இணையானது என்ற அரசாணை வேண்டும். சேரும்போதே இதைப் பாருங்கள். 2009 விதிமுறைப்படி பட்டம் பெற்றதற்கான சான்று: நெட் இல்லாதவர்களுக்கு உயிர்நாடி. பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து வாங்க வாரங்கள் ஆகும். தமிழ்வழிச் சான்று: 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்பவர்கள் பள்ளியிலிருந்தே தமிழில் படித்ததற்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். கடைசியாகப் பெயர், முன்னெழுத்து: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பி.எச்டி. சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் அறிவிக்கை வரும்வரை காத்திருக்காமல் அரசிதழில் திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.